நிறை குறைந்த பின் முடி ஏன் கொட்டுகிறது? இரைப்பைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

உடல் நிறையைக் குறைப்பதற்காக இரைப்பையில் செய்யப்படும் சத்திரசிகிச்சை மட்டக்களப்பில் இப்போது புதிய பேச்சல்ல. கொழும்பில் அரச வைத்தியசாலைகளிலும் தனியார் வைத்தியசாலைகளிலும் அது செய்யப்படுகிறது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் இருக்கும் உறவுகள் அங்கேயே செய்துகொள்கிறார்கள். சிலர் சென்னைக்குப் போகிறார்கள். நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், முழங்கால் வலி, தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுதல் என்று வருந்தியவர்களுக்கு இது பெரிய விடுதலை. போரில் காலை இழந்தவர்களுக்கும் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கும் நடமாட்டம் குறைவதால் நிறை ஏறுவது ஒரு தனித் துன்பம். அவர்களுக்கும் இது ஒரு வழி.

ஆனால் சத்திரசிகிச்சை முடிந்து மூன்று மாதம் போனதும் வேறொரு கவலை வருகிறது. தலை வாரினால் சீப்பு நிறைய முடி. குளித்தால் தண்ணீர் போகும் வழியை அடைக்கும் அளவுக்கு முடி. தலையணையில் முடி, சோற்றுத் தட்டில் முடி. "என்ன புள்ள, இப்பிடி மெலிஞ்சு போனாய், முடியும் கொட்டுது, சீனி கூடிட்டா?" என்ற கேள்வியோடு அயலாரும் வந்துவிடுவார்கள். சத்திரசிகிச்சை பிழைத்துவிட்டதோ, உள்ளே ஏதும் பெரிய நோய் இருக்கிறதோ என்ற பயத்தில் சிலர் இணையத்தில் பார்த்த குளிசைகளை வாங்கி விழுங்குகிறார்கள். சிலர் வைத்தியர் எழுதிக் கொடுத்த விற்றமின்களே காரணம் என்று அவற்றை நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாவது செயல்தான் மிகவும் ஆபத்தானது.

சுருக்கமான பதில் இதுதான். சத்திரசிகிச்சைக்குப் பின் முதல் சில மாதங்களில் வரும் முடி உதிர்வு பெரும்பாலும் தற்காலிகமானது. உதிர்ந்த முடி திரும்ப முளைக்கும். ஆனால் அந்த முடியைத் திரும்பக் கொண்டுவருவது எண்ணெயோ சம்பூவோ அல்ல. உணவும், ஒழுங்காக எடுக்கும் விற்றமினும், தவறாமல் செய்யும் குருதிப் பரிசோதனையும்தான்.

மூன்று மாதம் கழித்து வருவது ஏன்?

ஒருவரின் தலையில் ஏறத்தாழ ஒரு இலட்சம் முடிகள் இருக்கின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. சாதாரணமாக 100 முடியில் 85 முதல் 90 வரை வளரும் நிலையில் இருக்கும். இந்த நிலை இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் நீடிக்கும். பின்னர் இரண்டு மூன்று வாரங்கள் மாறும் நிலை. அதன் பிறகு ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஓய்வு நிலை. ஓய்வு முடிந்ததும் அந்த முடி விழும்; அதே வேரிலிருந்து புதிய முடி வரும். இதனால்தான் நல்ல ஆரோக்கியமான ஒருவருக்கும் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்கிறது.

உடலுக்கு ஒரு பேரதிர்ச்சி ஏற்படும்போது இந்த ஒழுங்கு குழம்புகிறது. பெரிய சத்திரசிகிச்சை, கடும் காய்ச்சல், பிரசவம், பட்டினி, திடீர் நிறைக் குறைவு எல்லாமே உடலுக்கு அதிர்ச்சிதான். இதயம், மூளை, ஈரல் போன்ற உயிர் காக்கும் உறுப்புகளுக்குச் சக்தியை ஒதுக்கிக்கொண்டு, முடி வளர்க்கும் வேலையை உடல் தள்ளிப்போடுகிறது. வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் பெரும் பகுதி ஒரேயடியாக ஓய்வு நிலைக்குப் போகிறது. ஓய்வு நிலை மூன்று மாதம் என்பதால் உதிர்வும் மூன்று மாதம் கழித்தே தெரிகிறது. ஆகவே இன்று கொட்டும் முடிக்கான காரணத்தை இன்றைய சாப்பாட்டிலோ நேற்று மாற்றிய சம்பூவிலோ தேடக்கூடாது. மூன்று மாதங்களுக்கு முன் உடலுக்கு என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

மருத்துவத்தில் இதற்கு 'டெலோஜன் எஃப்ளூவியம்' என்று பெயர். டெலோஜன் என்பது ஓய்வு நிலை, எஃப்ளூவியம் என்பது வெளியேறுதல். அமெரிக்கத் தோல் நோய் நிபுணர் ஆல்பர்ட் கிளிக்மன் 1961 இல் இதை விவரித்தார்.

போரைக் கண்ட மக்களுக்கு இது முற்றிலும் புதிய அனுபவமாக இருக்காது. டெங்குக் காய்ச்சலில் கிடந்து எழும்பியவர்களுக்கும், பிள்ளை பெற்று மூன்று நான்கு மாதமான தாய்மாருக்கும், கொவிட் தொற்றிலிருந்து மீண்டவர்களுக்கும் இதே உதிர்வு வருகிறது. இடம்பெயர்வும் பசியும் கடந்து வந்த உடல்களிலும் இதே விதிதான். அன்று முடி கொட்டியது, பின்னர் வந்தது. உடலுக்குப் போதிய உணவும் ஓய்வும் கிடைத்தபோது அது தன் வேலையைத் திரும்பத் தொடங்கியது.

எத்தனை பேருக்கு வருகிறது, எப்போது நிற்கும்?

நிறைக் குறைப்புச் சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் முடி உதிர்வு பற்றிய 18 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2021 இல் ஒரு மதிப்பீடு வெளியானது. ஏறத்தாழ 2500 நோயாளர் பற்றிய தகவல்கள் அதில் இருந்தன. அவர்களில் 57 வீதமானோருக்கு முடி உதிர்ந்திருந்தது. இளவயதுப் பெண்களிடம் இது கூடுதலாகக் காணப்பட்டது. குருதியில் நாகச் சத்து, ஃபோலிக் அமிலம், ஃபெரிட்டின் எனப்படும் இரும்புக் கையிருப்பு ஆகியவை குறைந்தவர்களுக்கும் உதிர்வு அதிகம் என்று அது காட்டியது. இரண்டு பேரில் ஒருவருக்கு மேல் வரும் ஒன்றை விசித்திரமான நோயென்று நினைத்துப் பயப்படத் தேவையில்லை.

வழக்கமான காலக்கணக்கு இப்படி இருக்கும்.

முதல் இரண்டு மாதம்: முடியில் பெரிய மாற்றம் தெரியாது.

3 முதல் 5 மாதம்: உதிர்வு தொடங்கி வேகமெடுக்கும். நிறை வேகமாகக் குறையும் காலமும் இதுதான்.

6 முதல் 9 மாதம்: உதிர்வு படிப்படியாகக் குறையும். நெற்றியோரத்திலும் வகிட்டின் இருபுறமும் குட்டை முடிகள் நிமிர்ந்து நிற்கும். இவை புதிதாக முளைத்தவை.

ஓராண்டுக்குப் பின்: அடர்த்தி பெரும்பாலும் திரும்பியிருக்கும். ஆனால் நீளம் உடனே வராது. முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர்தான் வளரும். இடுப்பு வரை பின்னல் போட்டவர்கள் பழைய நீளத்தைக் காணப் பல ஆண்டுகள் செல்லும்.

இந்த வகை உதிர்வில் தலை முழுவதும் பரவலாக முடி மெலியும். முழு மொட்டையாவதில்லை. தோலில் சிவப்போ, செதிலோ, வட்டமான வெறுமையோ இருக்காது. அப்படி இருந்தால் அது வேறு நோய்.

ஒரு விடயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஷெல் துண்டு பட்ட தழும்பைத் தலைமுடியால் மறைத்துக்கொண்டு வாழ்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். முடி மெலியும் மாதங்களில் அந்தத் தழும்பு வெளியே தெரியலாம். தழும்புத் தோலில் முடி வேர் இல்லாததால் அங்கே முடி முளைக்காது. ஆனால் சுற்றியுள்ள முடி திரும்ப வளர்ந்து முன்போல மறைத்துக்கொள்ளும். அதுவரை வகிட்டை மாற்றி எடுப்பதும், முந்தானையோ தொப்பியோ போடுவதும் போதும்.

சத்திரசிகிச்சை உடலில் எதை மாற்றுகிறது?

அதிகமாகச் செய்யப்படும் இரண்டு முறைகள் இருக்கின்றன. ஒன்றில் இரைப்பையின் 75 முதல் 80 வீதம் வரை வெட்டி அகற்றப்பட்டு, மிச்சம் ஒரு வாழைப்பழம் போன்ற குழாயாக விடப்படுகிறது. இதை 'ஸ்லீவ்' என்கிறார்கள். மற்றது 'பைபாஸ்'. இதில் இரைப்பையின் மேற்பகுதி ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் கொள்ளும் சிறு பையாக்கப்பட்டு, சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைக்கப்படுகிறது. உணவு முன்சிறுகுடலைத் தொடாமலே கீழே போய்விடும்.

இரண்டிலும் சாப்பிடும் அளவு குறைகிறது. இரைப்பை அமிலம் குறைவதால் இரும்புச் சத்து கரைவதும் குறைகிறது. இரும்பும் கல்சியமும் பெரும்பாலும் உறிஞ்சப்படும் இடமே முன்சிறுகுடல். பைபாஸில் உணவு அங்கே போவதில்லை. விற்றமின் பி12 ஐ உடல் உறிஞ்சுவதற்கு இரைப்பை சுரக்கும் ஒரு துணைப் பொருள் வேண்டும். அதுவும் குறைகிறது. நீரிழிவுக்கு நீண்ட காலம் மெற்ஃபோமின் குடித்தவர்களுக்கு, சத்திரசிகிச்சைக்கு முன்பே பி12 குறைந்திருக்க வாய்ப்புண்டு.

எனவே முடி உதிர்வில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் ஆறு மாதத்தில் வருவது அதிர்ச்சியால் வருவது. அது தானாக நிற்கும். ஆறு மாதத்துக்குப் பிறகு புதிதாகத் தொடங்கினாலோ, ஓராண்டு கடந்தும் நிற்காவிட்டாலோ, உடலில் ஏதோ சத்து இல்லை என்று அர்த்தம். இந்த இரண்டாவது வகை தானாக நிற்காது. புரதம், இரும்பு, நாகம், பி12, ஃபோலிக் அமிலம், விற்றமின் டி, தைரொய்ட் ஆகியவற்றைப் பார்த்துத்தான் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

நிறை குறைக்கும் ஊசிகளைப் போடுபவர்களும் இதைக் கவனிக்கலாம். ஒசெம்பிக், வெகோவி என்ற பெயர்களில் விற்கப்படும் செமாக்ளுடைட் ஊசியால் வேகமாக நிறை குறையும்போதும் சிலருக்கு இதே உதிர்வு வருகிறது.

தட்டில் என்ன இருக்க வேண்டும்?

முடி என்பது பெரும்பாலும் கெரட்டின் என்ற புரதம். சத்திரசிகிச்சைக்குப் பின் ஒரு நாளைக்குக் குறைந்தது 60 முதல் 80 கிராம் வரை புரதம் தேவை என்பது பொதுவான வழிகாட்டல். சிறுநீரக நோய் உள்ளவர்கள் இந்த அளவைத் தங்கள் வைத்தியரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். நமது சாப்பாட்டில் சோறுதான் தட்டை நிரப்புகிறது. ஒரு கோப்பைச் சோற்றில் இருப்பது 4 கிராமளவு புரதம் மட்டுமே. சின்ன இரைப்பையில் முதலில் சோறு போனால் புரதத்துக்கு இடம் இருக்காது. ஆகவே முதல் வாய் மீன், முட்டை, பருப்பு; அடுத்தது மரக்கறியும் இலைக்கறியும்; கடைசியில்தான் சோறு. இந்த வரிசை மாற்றத்துக்கு ஒரு சதமும் செலவில்லை.

வாவிக்கரையில் வாழ்பவர்களுக்கு நல்ல புரதம் தூரத்தில் இல்லை. கிட்டத்தட்ட அளவுகள் இவை:

முட்டை ஒன்று: 6 கிராம்.

சமைத்த மீன் அல்லது இறால் 100 கிராம்: 20 கிராம்.

வேகவைத்த பருப்பு அரைக் கோப்பை: 8 முதல் 9 கிராம்.

அவித்த கடலை ஒரு கோப்பை: 14 கிராம்.

உலர்ந்த சோயா மீற் 30 கிராம்: 15 கிராம்.

தயிர் அரைக் கோப்பை: 4 முதல் 5 கிராம்.

காலையில் இரண்டு முட்டை, மத்தியானமும் இரவும் 100 கிராம் படி மீன், அரைக் கோப்பை பருப்பு, சிறிது தயிர் என்று ஐந்தாறு வேளையாகப் பிரித்து எடுத்தால் 65 கிராம் சேர்ந்துவிடும். மீன் வாங்க முடியாத நாளில் சோயா மீற், கௌபி, பயறு, முட்டை கைகொடுக்கும். நெத்தலிக் கருவாட்டில் புரதமும் கல்சியமும் நிறைய உண்டு. ஆனால் உப்பும் உண்டு. குருதி அமுக்கம் உள்ளவர்கள் நன்றாக ஊறவைத்துக் கழுவிய பிறகே சமைக்க வேண்டும். படுவான்கரை எருமைத் தயிர் நல்லது; கொழுப்பு அதிகம் என்பதால் அளவோடு.

இரும்புச் சத்துக்கு ஈரல், இறைச்சி, மீன், முருங்கையிலை, பயறு வகைகள் உதவும். இலையிலும் பயறிலும் இருக்கும் இரும்பு எளிதில் உறிஞ்சப்படாது. தேசிக்காய்ப் புளி, கொய்யா, நெல்லி போன்றவற்றில் உள்ள விற்றமின் சி அதை உறிஞ்ச உதவும். இதற்கு எதிராக வேலை செய்வது நமது பிளேன்டீ. சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீர் இரும்பு உறிஞ்சப்படுவதை வெகுவாகக் குறைக்கிறது. தேநீரை நிறுத்தத் தேவையில்லை. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விட்டால் போதும்.

கடைசியில் சாப்பிடும் பெண்

இந்தப் பட்டியலை எழுதுவது இலகு. நடைமுறை அப்படியில்லை. நமது வீடுகளில் மீன் சட்டியில் நல்ல துண்டுகள் பிள்ளைகளுக்கும் ஆண்களுக்கும் போகும். குழம்பும் தலைத்துண்டும் அம்மாவுக்கு. போரில் கணவனை இழந்து அல்லது காணாமலாக்கப்பட்டவரைத் தேடிக்கொண்டே குடும்பத்தைச் சுமக்கும் பெண்கள் பலரிடம் இது இன்னும் ஆழமான பழக்கம். 2022 பொருளாதார நெருக்கடி அதை மேலும் இறுக்கியது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாக இருந்தது. விலை ஏறும்போது முதலில் குறைவது வீட்டுப் பெண்ணின் பங்குதான்.

சாதாரண இரைப்பை உள்ள ஒருவர் ஒரு வேளை குறைத்துச் சாப்பிட்டால் அடுத்த வேளை ஈடுசெய்யலாம். சத்திரசிகிச்சை செய்தவரால் அது முடியாது. அவர் ஒரு வேளையில் எடுக்கக்கூடியது சில கரண்டிகள் மட்டுமே. விட்ட வேளை விட்டதுதான். அவருக்குரிய முட்டையும் மீன் துண்டும் அவருக்கு மருந்து என்று வீட்டில் எல்லோரும் விளங்கிக்கொள்ள வேண்டும். சமைத்தவுடன் அவருடைய பங்கை முதலில் எடுத்து வைப்பது நல்ல பழக்கம். விரத நாட்களில் ஒரு வேளை மட்டும் உண்பதும், தண்ணீரும் குடிக்காமல் இருப்பதும் முதல் ஓராண்டில் வேண்டாம். சடங்குக் காலத்தில் மச்சம் தவிர்ப்பவர்கள் பருப்பு, கடலை, சோயா, தயிர் ஆகியவற்றால் அந்த இடத்தை நிரப்ப வேண்டும்.

குளிசைகள்: எது, எப்போது?

வைத்தியர் எழுதித்தரும் விற்றமினும் கனிமங்களும் வாழ்நாள் முழுவதற்கும் உரியவை. நிறை குறைந்துவிட்டது, உடம்பு நன்றாக இருக்கிறது என்று நிறுத்தக்கூடாது. சர்வதேச வழிகாட்டல்களில் பொதுவாகக் குறிப்பிடப்படும் நாளாந்த அளவுகள் இவை: மாதவிடாய் உள்ள பெண்களுக்கு இரும்பு 45 முதல் 60 மில்லிகிராம், கல்சியம் 1200 முதல் 1500 மில்லிகிராம், விற்றமின் டி 3000 அலகு, பி12 குளிசையாக 350 மைக்ரோகிராமுக்குக் குறையாமல் அல்லது மாதம் ஒரு முறை ஊசியாக 1000 மைக்ரோகிராம். உங்களுக்குரிய அளவை உங்கள் வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். உங்கள் மருந்துச் சீட்டோடு ஒப்பிட்டுக் கேள்வி கேட்பதற்கே இந்த எண்கள்.

இரும்பையும் கல்சியத்தையும் ஒன்றாக விழுங்கக்கூடாது. இடையில் இரண்டு மணி நேரம் வேண்டும். தைரொய்ட் குளிசை எடுப்பவர்கள் அதற்கும் இவற்றுக்கும் இடையில் நான்கு மணி நேரம் விட வேண்டும். கல்சியத்தை ஒரே தடவையில் எடுக்காமல் இரண்டு மூன்றாகப் பிரித்து எடுத்தால் நன்றாக உறிஞ்சப்படும்.

காசைக் கரைக்கும் வழிகள்

முடி கொட்டும் பெண்ணின் கவலையை நம்பி ஒரு பெரும் சந்தையே நடக்கிறது. அதில் முதலிடம் பயோட்டின். பயோட்டின் குறைபாடு உண்மையில் அரிது. குறைபாடு இல்லாதவருக்கு அது முடியை வளர்க்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், அதிக அளவு பயோட்டின் குருதிப் பரிசோதனைகளின் முடிவைப் பிழையாக்கும். மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனை உட்படச் சில பரிசோதனைகள் இதனால் தவறான முடிவு காட்டலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017 இல் எச்சரித்தது. தைரொய்ட் பரிசோதனையும் இப்படிப் பிழைக்கும். பயோட்டின் எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். தைரொய்ட் பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பு நிறுத்த வேண்டும்.

நாகக் குளிசையைத் தானாக அதிகமாக எடுத்தால் உடலில் செப்புச் சத்து குறையும். அதனால் குருதிச்சோகையும் நரம்புப் பாதிப்பும் வரலாம். விற்றமின் ஏ, செலினியம் ஆகியவை அளவுக்கு மீறினால் அவையே முடியைக் கொட்டச் செய்யும்.

தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் முடி உடைவதைக் குறைக்கும். வேரிலிருந்து விழுவதை நிறுத்தாது. வெங்காயச் சாறும் அப்படித்தான். மொட்டையடித்தால் அடர்த்தியாக முளைக்கும் என்பதும் உண்மையல்ல. கோயிலுக்கு நேர்த்தி வைத்து மொட்டையடிப்பது அவரவர் நம்பிக்கை. ஆனால் கத்தி தோலுக்கு மேலேதான் வெட்டும், வேரின் எண்ணிக்கை மாறாது. மினொக்ஸிடில் என்ற மருந்து வேறு வகை முடி உதிர்வுகளுக்கே முக்கியமாகப் பயன்படுகிறது. தோல் நோய் வைத்தியர் சொன்னால் மட்டும் பூசுங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தவிர்க்க வேண்டும்.

முடி திரும்பும் வரை

தலை கழுவினால் முடி கொட்டும் என்று பயந்து வாரக்கணக்கில் கழுவாமல் இருப்பவர்கள் உண்டு. கழுவும்போது விழுவது ஏற்கனவே வேரை விட்ட முடிதான். கழுவாமல் விட்டால் அடுத்த முறை சேர்ந்து விழும். வழமைபோலக் கழுவுங்கள். ஈரத் தலையை வாராதீர்கள். பல் அகலமான சீப்பைப் பாவியுங்கள். இறுக்கமான கொண்டை, இழுத்துப் பின்னுதல், சூடாக்கி நேராக்குதல் ஆகியவற்றைச் சில மாதம் தள்ளி வையுங்கள். கல்யாணம், நடனம் போன்றவற்றுக்குப் பாரமான பொய் முடி கட்டினால் மெலிந்த முடியின் வேர் இழுபடும். கறுப்பு மருதாணி என்று விற்கப்படும் சாயப் பொடிகள் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும்.

முடியைத் தோள் அளவுக்கு வெட்டினால் அடர்த்தி கூடியதாகத் தெரியும். ஆனால் நம் ஊர்களில் முடி வெட்டுவது அவ்வளவு இலகுவான முடிவல்ல. குட்டையாக வெட்டிய முடியே ஒரு பெண்ணை இயக்கத்தில் இருந்தவளென்று அடையாளம் காட்டிய காலம் ஒன்று இருந்தது. வீடு திரும்பிய பிறகும் முடி வளரும்வரை வெளியே வராமல் இருந்தவர்கள் உண்டு. அந்த நினைவுள்ள ஒருவரிடம் "வெட்டிவிட்டால் சரிதானே" என்று சொல்வதற்கு முன் குடும்பத்தார் யோசிக்க வேண்டும். வெட்டுவதும் விடுவதும் அவருடைய முடிவு.

அயலாரின் கேள்விக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. "ஒப்பரேசனுக்குப் பிறகு கொஞ்ச மாதம் கொட்டுமாம், திரும்ப வருமாம்" என்பது போதுமான, உண்மையான பதில். சத்திரசிகிச்சை பற்றியே சொல்ல விருப்பமில்லையென்றால் சொல்லத் தேவையுமில்லை. ஆனால் கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்காமல், நித்திரை வராமல், வெளியே போகாமல், சாப்பாட்டையும் வெறுத்து நாட்கள் போனால் அது முடியோடு நிற்கும் பிரச்சினையல்ல. தேசிய மனநல உதவி இலக்கமான 1926 க்கு அழைக்கலாம். வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம்.

வைத்தியரிடம் போக வேண்டிய நேரம்

கீழ்க்கண்டவற்றில் ஏதாவது இருந்தால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்க வேண்டாம்.

முடி உதிர்வு ஆறு மாதத்துக்குப் பிறகு தொடங்கினால், அல்லது ஓராண்டு கடந்தும் தொடர்ந்தால்.

வட்டம் வட்டமாக முடி போனால். தலைத் தோல் சிவந்து, செதில் உதிர்ந்து, சீழ் வைத்தால்.

களைப்பு, மூச்சு வாங்குதல், முகம் வெளிறுதல், நகம் குழிதல், நாக்கு எரிவு, கை கால் விறைப்பு இருந்தால்.

கால் வீங்கினால், அல்லது மீன், முட்டை போன்ற புரத உணவு எதுவும் வயிற்றில் தங்காவிட்டால்.

ஒன்று மட்டும் அவசர நிலை. சத்திரசிகிச்சைக்குப் பின் நாட்கணக்கில் வாந்தி எடுப்பவருக்குப் பார்வை இரட்டையாகத் தெரிந்தால், நடை தள்ளாடினால், பேச்சோ நினைவோ குழம்பினால், அது விற்றமின் பி1 எனப்படும் தயமின் தீர்ந்துபோனதன் அறிகுறியாக இருக்கலாம். மணித்தியாலங்கள் தாமதித்தாலும் மூளைக்கு நிரந்தரப் பாதிப்பு வரலாம். உடனே 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை அழையுங்கள். இரைப்பைச் சத்திரசிகிச்சை நடந்ததை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

கொழும்பு தூரம், பரிசோதனை தூரமல்ல

மட்டக்களப்பில் இருப்பவர்களுக்கு உண்மையான இடர் இங்கேதான். சத்திரசிகிச்சை செய்த வைத்தியர் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார். கொழும்பு போய்வர ஒரு இரவுப் பயணமும் ஒரு நாள் சம்பளமும் போகும். மூன்றாம் மாதம் போனவர் ஆறாம் மாதம் போவதில்லை. வெளிநாட்டில் செய்துகொண்டு ஊர் திரும்பியவருக்கு எங்கே போவதென்றே தெரிவதில்லை.

ஆனால் தேவையான குருதிப் பரிசோதனைகளுக்காக ஒவ்வொரு தடவையும் கொழும்பு போகத் தேவையில்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ, களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைகளிலோ வைத்தியரைக் கண்டு விபரத்தைச் சொன்னால், எதை எங்கே செய்யலாம் என்று வழிகாட்டுவார்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். போகும்போது சத்திரசிகிச்சை விபரம் எழுதிய அட்டை, இப்போது எடுக்கும் குளிசைகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். செய்தது ஸ்லீவா பைபாஸா என்பதைத் தெரிந்துவைத்திருங்கள். முதல் ஆண்டில் 3, 6, 12 ஆம் மாதங்களிலும், பின்னர் ஆண்டுக்கொரு முறையும் முழுக் குருதி எண்ணிக்கை, ஃபெரிட்டின், பி12, ஃபோலிக் அமிலம், விற்றமின் டி, கல்சியம் பார்க்கப்பட வேண்டும். முடி உதிர்வு நீடித்தால் நாகத்தையும் தைரொய்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. நிறை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும். ஆனால் சத்திரசிகிச்சைக்குப் பின் 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பம் தரிக்காமல் இருப்பது தாய்க்கும் சிசுவுக்கும் நல்லது. குடும்பநல உத்தியோகத்தரிடம் பேசிப் பொருத்தமான கருத்தடை முறையைத் தெரிந்துகொள்ளுங்கள். எதிர்பாராமல் கர்ப்பம் தரித்தால், சத்திரசிகிச்சை நடந்ததை முதல் கிளினிக்கிலேயே சொல்லுங்கள்.

இனிமேல்தான் சத்திரசிகிச்சை செய்யப் போகிறவர்கள், அதற்கு முன்பே இரும்பு, பி12, விற்றமின் டி ஆகியவற்றைப் பரிசோதித்துக் குறையிருந்தால் நிரப்பிக்கொள்ளுங்கள். கையிருப்போடு போகும் உடல் அதிர்ச்சியை இலகுவாகத் தாங்கும். மூன்றாம் மாதம் முடி கொட்டத் தொடங்கும் என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அன்று யாரும் பயந்துபோய்க் குளிசைகளை நிறுத்தச் சொல்லமாட்டார்கள்.